கவலைப்படுவது அவிசுவாசமா? ஒரு சகோதரியின் கேள்விக்குப் பதில்

கேட்டிருக்கும் சகோதரியின் நிலைமை இது. கணவருக்கு வேலை போய் ஐந்து மாதம் ஆகிறது. வீட்டுக் கடன் தவணை இரண்டு மாதம் நிலுவை. ஜூன் வந்தால் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும். ஜெபக்கூட்டத்தில் ஒருவர், “உங்களுக்கு விசுவாசம் பத்தாது, அதனால்தான் கதவு திறக்கவில்லை. ஒரு விதை காணிக்கை போட்டுப் பாருங்கள்” என்று சொல்லிவிட்டார். விதை காணிக்கை என்றால், கொடுத்தால் தேவன் பெருக்கித் தருவார் என்று சொல்லிக் கேட்கிற பணம். அதிலிருந்து இரவில் தூக்கம் போய்விட்டது. அவர் கேட்பது மூன்று கேள்விகள். கவலைப்படாதிருங்கள் என்று ஆண்டவர் சொல்லியிருக்க, கவலைப்படுகிற நான் பாவம் செய்கிறேனா? சேமிப்பும் எல்ஐசி பாலிசியும் வைத்திருப்பது அவிசுவாசமா? ஆகாயத்துப் பறவைகளுக்குச் சாப்பாடு கொடுக்கிறவர் எங்களை ஏன் மறந்தார்?

சகோதரி, முதல் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, நீங்கள் பாவம் செய்யவில்லை. தவணை கட்ட வழி தெரியாத தாய்க்கு நெஞ்சு படபடப்பது பாவம் என்று வேதத்தில் எங்கும் இல்லை. கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவரே “என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது” என்று வாய்விட்டுச் சொன்னார். மூன்று சீஷர்களைத் தம்மோடு விழித்திருக்கும்படி கேட்டார். தூக்கம் வராத இரவு அவருக்கும் இருந்தது, பக்கத்தில் ஆள் வேண்டும் என்று அவருக்கும் தோன்றியது. அந்த இரவில் அவர் பாவம் செய்தார் என்று எந்தப் பிரசங்கியாவது சொல்வாரா?

மத்தேயு 6-ஆம் அதிகாரத்தை நம்மில் பலர் அதட்டுகிற தொனியில் வாசித்துப் பழகிவிட்டோம். மலைப்பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் யார் என்று பாருங்கள். கலிலேயாவின் மீனவர்கள், சின்ன விவசாயிகள், நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள். அன்றாடம் கூலி கிடைத்தால்தான் அன்றிரவு அடுப்பு எரியும் என்ற நிலையில் இருந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் நிறையப் பேர். என்னத்தை உண்போம், என்னத்தை உடுப்போம் என்பது அவர்களுக்கு உவமை இல்லை, அன்றாடக் கேள்வி. அவர்களிடம் “இவைகளெல்லாம் உங்களுக்கு வேண்டியவைகள் என்று உங்கள் பரமபிதா அறிந்திருக்கிறார்” என்று சொல்வது தோளில் கைபோட்டுச் சொல்கிற வார்த்தை. அந்தப் பகுதி முடிகிற இடத்தையும் பாருங்கள்: “அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்.” பாடு இருக்கிறது என்று அவரே ஒத்துக்கொள்கிறார். இன்றைய பாட்டோடு நாளைய பாட்டையும் சேர்த்து இன்றே சுமக்காதே என்கிறார், அவ்வளவுதான்.

இங்கே கவலைப்படுவதற்குக் கிரேக்கத்தில் உள்ள சொல்லையே பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது தீமோத்தேயுவைப் பற்றி நல்ல பொருளில் பயன்படுத்துகிறார். நம் பழைய மொழிபெயர்ப்பில் அது “உங்கள் காரியங்களை உண்மையாய் விசாரிக்கிறதற்கு” என்று வந்திருக்கிறது. நம் தமிழும் இந்த இடத்தில் அழகாகப் பொருந்துகிறது. விசாரம் என்றால் மனக்கவலை. விசாரிப்பது என்றால் ஒருவரைக் கவனித்துக்கொள்வது. இரண்டும் ஒரே வேர்தான். குடும்பத்தை விசாரிப்பது உங்கள் கடமை, அதை ஆண்டவர் கடிந்துகொள்ளவில்லை. “ஒருவன் தன் சொந்த ஜனங்களையும், விசேஷமாகத் தன் வீட்டாரையும் விசாரியாமற்போனால்” அவன் அவிசுவாசியைவிடக் கெட்டவன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம் சொல்கிறது. விசாரிப்பு முற்றி விசாரமாகி, ராத்திரி இரண்டு மணிக்கு மனிதரைத் தின்ன ஆரம்பிக்கிறதே, அதைத்தான் அவர் தம் கையில் கேட்கிறார். “அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்” என்று பேதுரு எழுதும்போது, கவலையே இல்லாதவர்களுக்கா எழுதினார்? வைத்துவிட ஏதாவது கையில் இருப்பவர்களுக்குத்தானே எழுத முடியும்?

சேமிப்பு பற்றிய கேள்வியில் அதிக நேரம் நிற்கத் தேவையில்லை. யோசேப்பு எகிப்தில் ஏழு ஆண்டு விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துவைத்தார். அந்தத் தானியம்தான் பஞ்சத்தில் அவருடைய அப்பாவையும் அண்ணன்மாரையும் காப்பாற்றியது, அதைத் தேவன் செய்தார் என்றே அவர் சொன்னார். லூக்கா 12-இல் வரும் ஐசுவரியவான் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்ததால் மதிகேடன் ஆகவில்லை. என் தானியம், என் களஞ்சியம், என் ஆத்துமாவே என்று அவன் பேசுவதில் ‘என்’ தவிர வேறு ஆளே இல்லை. நீங்கள் பாலிசி எடுத்தது பிள்ளைகளுக்காக. அதை மனம் கலங்காமல் வைத்திருங்கள். எவர் சொன்னாலும் பதற்றத்தில் உடைக்காதீர்கள்.

மூன்றாவது கேள்விதான் கனமானது. அதற்கு வருமுன் உங்கள் கணவருக்காக ஒரு வார்த்தை. வேலையில்லாத மனிதனை நம் சபைகள் பார்க்கும் பார்வை எனக்குத் தெரியும். “வேலைசெய்ய மனதில்லாதிருந்தால் அவன் சாப்பிடவுங்கூடாது” என்ற வசனத்தை யாராவது அவர் காதில் விழும்படி சொல்லியிருப்பார்கள். அதில் இருக்கிற சொல் ‘மனதில்லாதிருந்தால்’. வேலை கிடைக்காதிருந்தால் என்று பவுல் எழுதவில்லை. வேலை கிடைக்காதவரைப் பற்றி ஆண்டவர் சொன்ன கதை வேறு, அது மத்தேயு 20-இல் இருக்கிறது. ஒரு திராட்சத்தோட்டக்காரர் விடியற்காலையில் ஆள் பிடிக்கப் போகிறார். ஒன்பது மணிக்குப் போகிறார், பன்னிரண்டுக்குப் போகிறார், மூன்றுக்குப் போகிறார். சாயங்காலம் ஐந்து மணிக்கும் கடைவீதியில் சிலர் நிற்கிறார்கள். ஏன் பகல் முழுவதும் இங்கே சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன பதிலை உங்கள் கணவர் நூறு தடவை சொல்லியிருப்பார்: “ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை.”

அந்த ஐந்து மணி ஆட்களை எண்ணிப் பாருங்கள். மற்றவர்கள் போன பிறகும் வீட்டுக்குப் போகாமல் நிற்கிறார்கள். வெறும் கையோடு போனால் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். தோட்டக்காரர் ஒரு மணி நேர வேலைக்கு முழு நாள் கூலியைக் கொடுத்தார். அந்த ஒரு பணம் ஒரு நாள் கூலி, ஒரு குடும்பத்தின் ஒரு நாள் சாப்பாடு. பன்னிரண்டில் ஒரு பங்கைக் கணக்குப் பார்த்துக் கொடுத்திருந்தால் நியாயமாக இருந்திருக்கும், வீட்டில் யாருக்கும் பசி அடங்கியிருக்காது. பரலோக ராஜ்யம் இப்படிப்பட்ட எஜமானைப் போல இருக்கிறது என்று ஆண்டவர் சொன்னார். வேலை கேட்டு நிற்பவர்களைத் தேடி ஐந்து தடவை கடைவீதிக்கு வருகிறவர் அவர். தேவ பராமரிப்பைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டால் பறவைகளுக்கு முன்னால் நான் காட்டுகிற இடம் இதுதான்.

சரி, பராமரிப்பு எந்த அளவில் வருகிறது? வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு மன்னா என்ற ஆகாரம் வானத்திலிருந்து விழுந்த கதையை ஞாயிறு பள்ளியில் படித்திருப்பீர்கள். ஆளுக்கு ஒரு ஓமர் அளவு, அன்றன்றைக்கு. ஆசைப்பட்டு மறுநாளுக்கு மிச்சம் வைத்தவர்களுடையது பூச்சி பிடித்து நாறியது. ஆனால் ஓய்வுநாளுக்கு முந்தின நாளில் இரட்டிப்பாய்ச் சேர்த்துவைக்கச் சொன்னதும் அவர்தான், அது நாறவில்லை. வைத்தது பயத்தினாலா, சொல்லைக் கேட்டா என்பதுதான் அங்கே வித்தியாசம். 40 ஆண்டுகள் அப்படிப் போனது. கானானுக்குள் வந்து அந்த நிலத்தின் விளைச்சலைச் சாப்பிட்ட மறுநாளே மன்னா நின்றுபோனது என்று யோசுவாவின் புத்தகம் சொல்கிறது. இனி வயலில் இறங்க வேண்டியதுதான். வயலும் அவர் கொடுத்ததே.

நீதிமொழிகள் 30-இல் ஆகூர் என்பவருடைய ஜெபம் ஒன்று இருக்கிறது. தரித்திரமும் வேண்டாம், ஐசுவரியமும் வேண்டாம், “என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும்” என்று கேட்கிறார். படியளக்கிறவர் என்று நம் ஊரில் கடவுளைச் சொல்வார்களே, அதே படி. பணம் அதிகமானால் கர்த்தர் யார் என்று கேட்டுவிடுவேன், இல்லாமல் போனால் திருடிவிடுவேன் என்று காரணமும் சொல்கிறார். தன்னைப் பற்றி இவ்வளவு உண்மையாகப் பேசும் ஜெபம் வேதத்திலேயே குறைவு. இன்றைக்கு நாம் ‘ஆசீர்வாதம்’ என்று கேட்பதில் பெரும்பங்கு ஆகூர் வேண்டாம் என்று சொன்னதுதான்.

இதைத்தான் ஆண்டவரும் ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தார்: “எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்.” தினமும் சொல்லித் தேய்ந்துபோன வரி. அதில் ‘எனக்கு’ என்ற சொல் கிடையாது. இருட்டறையில் கதவைப் பூட்டிக்கொண்டு தனியே ஜெபிக்கும்போதும் ‘எங்களுக்கு’ என்றுதான் கேட்க வேண்டும். நான் உங்களிடம் சொல்ல வந்ததே இதுதான், சகோதரி. பராமரிப்பின் வாக்குத்தத்தம் பன்மையில் கொடுக்கப்பட்டது. அதை ஒருமையில் வாசிக்கும்போதுதான் அது நம்மைக் குத்துகிறது: எனக்கு வரவில்லை என்றால் என் விசுவாசத்தில்தான் குறை என்று ஆகிவிடுகிறது. பன்மையில் வாசித்தால் கேள்வி சபைக்குப் போகிறது. உங்கள் வீட்டில் ஆகாரம் இல்லை என்றால் அது கொடுக்கப்படாததினாலா, அல்லது எங்கள் வீட்டில் தேங்கியிருப்பதினாலா?

பவுல் மன்னாவை அப்படித்தான் வாசித்தார். எருசலேமில் இருந்த ஏழை விசுவாசிகளுக்காகக் கொரிந்து சபையிடம் பணம் திரட்டும்போது, மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு மிஞ்சவுமில்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறையவுமில்லை என்ற மன்னா வசனத்தை எடுத்துக் காட்டினார். வனாந்தரத்தில் வானத்திலிருந்து வந்த சமநிலை, இப்போது உங்கள் கையிலிருந்து வர வேண்டும் என்றார்.

அப்புறம், அந்த விதை காணிக்கை. இதை மென்மையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடனில் இருக்கும் வீட்டிடம் பணம் கேட்டு, கொடுத்தால் தேவன் பெருக்கித் தருவார் என்பது கொடுமை. “சிறுக விதைக்கிறவன் சிறுக அறுப்பான்” என்ற வசனத்தை அதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். அந்த வசனம் இருப்பது நான் மேலே சொன்ன அதே காணிக்கையைப் பற்றிய பேச்சில்தான். யாருக்காகத் திரட்டினார்கள்? உங்களைப் போலக் கஷ்டத்தில் இருந்தவர்களுக்காக. அதற்கு முந்தின அதிகாரத்திலேயே, ஒருவனுக்கு இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அவன் கொடுப்பது அங்கிகரிக்கப்படும் என்றும், மற்றவர்களுக்குச் சகாயமும் உங்களுக்கு வருத்தமும் உண்டாகும்படி நான் சொல்லவில்லை என்றும் பவுல் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தை அவர்கள் வாசிப்பதில்லை. அந்த வசனத்தின்படி பார்த்தால் இன்றைக்கு நீங்கள் காணிக்கை பெற வேண்டியவர்.

சாறிபாத் ஊர் விதவை தன் கடைசி மாவை எலியா தீர்க்கதரிசிக்குக் கொடுத்தாளே என்பார்கள். அந்தக் கதையைப் பொறுமையாக வாசியுங்கள். அவள் விறகு பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். பானையில் ஒரு பிடி மாவு, கலசத்தில் கொஞ்சம் எண்ணெய். நானும் என் மகனும் சாப்பிட்டுச் செத்துப்போவோம் என்கிறாள். அவளிடம் கேட்கிற எலியா யார்? ஆற்றுத் தண்ணீர் வற்றி, காகம் கொண்டுவந்த சாப்பாடும் நின்று, உயிருக்குத் தப்பி அந்நிய ஊருக்கு வந்த ஆள். வாங்கிக்கொண்டு காரில் ஏறிப் போகவில்லை. அதே வீட்டில் தங்கி, அதே பானையின் மாவை அவளோடும் பிள்ளையோடும் உட்கார்ந்து சாப்பிட்டார். பானை நிரம்பி வழிந்தது என்றும் அங்கே எழுதியிருக்கவில்லை. மா செலவழிந்துபோகவில்லை, எண்ணெய் குறைந்துபோகவில்லை. அவ்வளவுதான். ஒவ்வொரு நாள் காலையிலும் பானையின் அடியில் ஒரு பிடி இருந்திருக்கும். இன்னொன்றும் உண்டு. “உன்னைப் பராமரிக்கும்படி அங்கே இருக்கிற ஒரு விதவைக்குக் கட்டளையிட்டேன்” என்று கர்த்தர் எலியாவிடம் சொன்னார். தேவனுடைய பராமரிப்பு என்று நாம் சொல்வது, அந்தக் கதையில், சுள்ளி பொறுக்குகிற ஒரு பெண்ணின் கை.

ஏழையிடம் காணிக்கை வாங்குவது பற்றி ஒரு உண்மைச் சம்பவம் சொல்கிறேன். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் ஜார்ஜ் முல்லர் அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்தை 1836-இல் தொடங்கினார். அதற்கு முந்தின மாதங்களில் தையல் வேலை செய்து பிழைத்த ஒரு நோயாளிப் பெண் 100 பவுண்டு அனுப்பினார். வாரத்துக்கு அவருக்குக் கிடைத்த கூலி சில ஷில்லிங்குகள்தான். பரம்பரைச் சொத்தாக வந்த பணத்திலிருந்து கொடுத்திருந்தார். முல்லர் ஸ்தோத்திரம் சொல்லி வாங்கிக்கொள்ளவில்லை. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு உட்காரவைத்து, உணர்ச்சிவசப்பட்டுக் கொடுக்கிறாரா, நிதானமாக யோசித்துத்தான் கொடுக்கிறாரா என்று நீண்ட நேரம் பேசினார். வாங்காமல் விடுவதற்கே தயாராக இருந்தார். அந்தப் பெண் உறுதியாக இருந்ததால்தான் ஏற்றுக்கொண்டார். விதை காணிக்கை கேட்பவரிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள்.

முல்லரைப் பற்றி நம் சபைகளில் பாதிக் கதைதான் சொல்கிறார்கள். யாரிடமும் பணம் கேட்காமல், ஜெபத்தினாலேயே 10,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வளர்த்தார் என்பது உண்மை. ஒரு அறிக்கையில் தேவையைச் சொன்னால்கூட அது கேட்டதுபோல ஆகிவிடும் என்று, 1841 கடைசியில் கையில் காசில்லாத நேரத்தில் ஆண்டறிக்கையையும் பொதுக்கூட்டத்தையும் வேண்டுமென்றே தள்ளிவைத்தார். ஆனால் அந்த மனிதர் ஒவ்வொரு பென்னிக்கும் கணக்கு எழுதினார். ஆஷ்லி டவுன் என்ற மேட்டில் 1849-க்கும் 1870-க்கும் இடையில் ஐந்து பெரிய கட்டடங்கள் எழுந்தன. அவ்வளவையும் நிர்வாகம் செய்தார்.

1857 நவம்பர் கடைசியில் முதல் கட்டடத்தின் வெந்நீர்க் கொதிகலன் ஒழுக ஆரம்பித்தது. அதைச் சுற்றிச் செங்கல் கட்டியிருந்ததால் எங்கே ஓட்டை என்று பார்க்கக்கூட முடியாது. நெருப்பை அணைத்துத்தான் பழுது பார்க்க வேண்டும். உள்ளே ஏறத்தாழ 300 பிள்ளைகள். வேலைக்கு நாள் குறித்த பிறகு கடுமையான வடகாற்று வீச ஆரம்பித்தது. அந்தக் குளிர்காலத்தின் முதல் கடுங்குளிர். முல்லர் இரண்டு காரியங்களுக்கு ஜெபித்தார். வடகாற்று தென்காற்றாக மாற வேண்டும். வேலையாட்களுக்கு வேலைசெய்ய மனம் வேண்டும். முந்தின நாள் மாலை வரை வடகாற்றுதான். குறித்த நாளில் தென்காற்று வீசியது, கணப்பே தேவைப்படவில்லை. இரவு எட்டரை மணிக்கு மேலாளர் வந்து, ஆட்கள் இன்று நேரம் கழித்துப் போய் நாளை சீக்கிரம் வருவார்கள் என்றார். ஆட்களோ, இரவு முழுவதும் வேலை செய்துவிடுகிறோம் என்று தாங்களாகவே சொன்னார்கள். ஏறக்குறைய 30 மணி நேரத்தில் எல்லாம் முடிந்து மறுபடி நெருப்பு மூட்டியாயிற்று.

காற்று திரும்பியதைத்தான் எல்லோரும் சாட்சியாகச் சொல்வார்கள். எனக்கு அந்தக் கொல்லர்கள்தான் நினைவில் நிற்கிறார்கள். முல்லர் ஆளைக் கூப்பிட்டார், நாள் குறித்தார், செங்கலை இடிக்கச் சொன்னார், ஜெபமும் செய்தார். இவற்றில் ஒன்று விசுவாசம், மற்றது அவிசுவாசம் என்று அவர் பிரிக்கவில்லை. உங்கள் கணவர் வேலைக்கு விண்ணப்பம் அனுப்புவதும் அப்படியே.

ஆபிரகாம் மோரியா மலை ஏறும்போது ஈசாக்கிடம், ஆட்டுக்குட்டியைத் தேவன் “பார்த்துக்கொள்வார்” என்றார். யேகோவாயீரே என்ற பெயர் அங்கிருந்துதான் வருகிறது. எபிரெய மூலத்தில் அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருள் ‘பார்ப்பார்’. பார்ப்பதும் கவனிப்பதும் நம் மொழியிலும் ஒரே சொல்லில் அடங்குவதால் மொழிபெயர்த்தவர்கள் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை. குழந்தையைக் கொஞ்சம் பார்த்துக்கோ என்று பக்கத்து வீட்டில் விட்டுப் போகிறோமே, அந்தப் பார்த்தல். உங்களை அவர் பார்க்கவில்லை என்றுதான் உங்களுக்கு இப்போது தோன்றுகிறது. அதனால் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அப்பா திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் வாத்தியார். அம்மா உலை வைக்கும்போதெல்லாம் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து அலமாரியில் இருந்த பழைய பிஸ்கட் டின்னில் போடுவார். கைப்பிடி அரிசி. ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்கு, அதாவது எங்கள் சபைக்கு, கொண்டுபோய்க் கொட்டுவோம். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் இந்த வழக்கம் நெடுநாளாக உண்டு. ஒரு வருடம் ஏதோ தகராறில் அப்பாவுக்கு நாலு மாதம் சம்பளம் வரவில்லை. கடையில் கடன் ஏறிவிட்டது. அப்பா யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வாத்தியார் குடும்பத்துக்கு இழுக்கு என்று நினைத்தார். அம்மா உலை அரிசியைக் குறைத்தார், டின்னில் போடும் பிடியை நிறுத்தவில்லை. எனக்கு அது பிடிக்கவே இல்லை. அந்தப் பிடியை எடுத்து உலையில் போட்டால் என்ன என்று ஒருநாள் கேட்டேன், பதில் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, விளக்கு வைக்கும் நேரத்துக்கு, சபையின் பணியாளான கோயில்பிள்ளை எங்கள் பின்வாசலில் வந்து நின்றார். தோளில் ஒரு சாக்குப் பை. “ஐயர் குடுத்துட்டு வரச் சொன்னாக” என்று இறக்கிவைத்துவிட்டு, நின்று பேசாமல் போய்விட்டார். ஐயர் என்று எங்கள் பக்கம் சொல்வது சபைப் போதகரை. முன்வாசல் வழியாக வந்தால் தெருவே பார்க்கும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. பையைத் திறந்தால் அரிசி. புழுங்கலும் பச்சையும், குண்டும் சன்னமும், ரேஷன் அரிசியும் எல்லாம் ஒன்றாய்க் கலந்து கிடந்தது. ஊரில் ஒவ்வொரு வீட்டுப் பிடியும் அதில் இருந்தது, எங்கள் வீட்டுப் பிடியும் இருந்திருக்கும். அந்தச் சோறு ஒழுங்காக வேகவில்லை. ஒரு பருக்கை குழைந்திருக்கும், பக்கத்துப் பருக்கை கடினமாக இருக்கும். மூன்று வாரம் அதைத்தான் சாப்பிட்டோம். எங்கள் கஷ்டம் ஐயருக்கு எப்படித் தெரிந்தது என்று அம்மா சாகும்வரை சொல்லவில்லை. அம்மாவே போய்ச் சொல்லியிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். அப்பாவின் கௌரவத்தைக் காப்பாற்ற மறைத்திருப்பார்.

இத்தனை சொன்ன பிறகும் உங்கள் மூன்றாவது கேள்வி மிச்சம் இருக்கிறது, அதை மழுப்ப மாட்டேன். கேட்டது எல்லோருக்கும் கிடைப்பதில்லை. என் தேவன் உங்கள் குறைவையெல்லாம் நிறைவாக்குவார் என்று எழுதிய பவுல், பசியும் தாகமும் குளிரும் நிர்வாணமும் பட்டதாக வேறொரு நிருபத்தில் பட்டியல் போட்டிருக்கிறார். பிலிப்பியருக்கு அதை எழுதியபோது அவர் கைதி. பிலிப்பி சபை எப்பாப்பிரோதீத்துவின் கையில் கொடுத்தனுப்பிய உதவிக்கு நன்றி சொல்லும் கடிதத்தில்தான் அந்த வசனம் வருகிறது. பட்டினியாயிருக்கவும் கற்றுக்கொண்டேன் என்பதும் அதே அதிகாரம்தான். ஒரு காசுக்கு இரண்டு அடைக்கலான் குருவிகள் விற்கப்படுவதைச் சொன்ன ஆண்டவர், குருவி விழவே விழாது என்று சொல்லவில்லை. பிதாவின் சித்தமில்லாமல் விழாது என்றார். விழுகிற குருவியையும் பார்க்கிற கண் உண்டு என்பது எனக்குச் சில நாட்களில் பெரிய ஆறுதல். சில நாட்களில் அது போதவில்லை என்றும் ஆண்டவரிடம் சொல்லியிருக்கிறேன். சங்கீதங்களில் பாதி அப்படிப்பட்ட முறையீடுதானே.

களக்காட்டுப் பக்கம் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் வாழ்ந்தார். அயர்லாந்தில் பிறந்து 1895-இல் இந்தியாவுக்கு வந்தவர். தேவதாசிகளாக இந்துக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடப்படவிருந்த சிறுமிகளை 1901 முதல் எடுத்து வளர்த்தார். அவரும் முல்லரைப் போலவே யாரிடமும் பணம் கேட்டதில்லை, பிள்ளைகள் சாப்பிட்டார்கள். அதே அம்மையார் 1931-இல் ஒரு குழிக்குள் விழுந்து அடிபட்டு, 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் தன் அறையைவிட்டு வெளியே வர முடியாமல் வலியோடு கிடந்தார். சுகத்துக்காக எத்தனை பேர் ஜெபித்திருப்பார்கள்! அரிசிக்குப் பதில் வந்தது, முதுகுக்கு வரவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. அவருடைய விசுவாசம் பத்தவில்லை என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. அப்படியானால் அந்த வார்த்தையை உங்களிடமும் சொல்லியிருக்கக் கூடாது. தன் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்ததால், பிள்ளைகள் அங்கே பறவைகள் வந்து தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்தார்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. வங்கிக்கு நீங்களே போய், மூன்றாவது தவணை தவறுவதற்கு முன்னால் நிலைமையைச் சொல்லுங்கள். தவணையை மாற்றியமைக்க வழி உண்டா என்று கேளுங்கள், அவர்கள் தேடி வரும்வரை காத்திருக்க வேண்டாம். பள்ளியிலும் அப்படியே. விதை காணிக்கை கேட்டவருக்குப் பதில் சொல்லக் கடமைப்படாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஐயரம்மாவிடமோ, நீங்கள் நம்புகிற ஒரு அக்காவிடமோ, “ஜெபித்துக்கொள்ளுங்கள்” என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், எவ்வளவு நிலுவை, எப்போது கட்ட வேண்டும் என்பதைத் தொகையோடு சொல்லுங்கள். பசியாறுங்கள் என்று வாயால் சொல்லி ஒன்றும் கொடாவிட்டால் பிரயோஜனமென்ன என்று யாக்கோபு கேட்டது அவர்களுக்குத்தான். ஆனால் தெரியாததை அவர்கள் எப்படிக் கொடுப்பார்கள்? சொல்வதில் வெட்கம் வந்தால் எங்கள் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவரின் பெயரையும், அவர் என்ன வேலை பார்த்தார், எத்தனை வருட அனுபவம் என்பதையும் எனக்கு எழுதுங்கள். பெயர் ஜெபிப்பதற்கு. மற்ற விவரம், எனக்குத் தெரிந்த நாலு பேரிடம் நாளைக்குக் கேட்டுப் பார்ப்பதற்கு.